துளைகள் பார்க்கும் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ரவாங்கிலிருந்து தனேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. செம்பனைப் பழம் பொறுக்கக் குனிந்து வந்த முதுகுவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? நான் சுகம். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

எங்கள் பட்டறையில் கேஸ் தொட்டிகள் செய்கிறார்கள் அல்லவா? அழுத்தத்தில் திரவமாக வரும் கேஸ் உள்ளே ஒரே இடத்தில் பாயாமலிருக்க, வரிசையாகத் துளையிட்ட குழாய் ஒன்றை இன்ஜினியர் அனுஜா அக்கா வடிவமைத்தார். துளைகளுக்குச் சாக்பீஸால் குறி போடுவது என் வேலை. படம் தொட்டியின் வாய்ப்பக்கமிருந்து பார்த்து வரைந்தது. நான் மறுமுனையில் நின்று குறித்துவிட்டேன். அதனால் இடம் வலமாக மாறி, துளைகள் எல்லாம் அளவு காட்டும் மிதவையின் பக்கம் திரும்பிவிட்டன. திரவம் மிதவையில் அடித்தால் அளவு தப்பாகக் காட்டும், அளவுக்கு மேல் நிரப்பிவிடுவார்கள்.

நேற்று தொட்டியின் மூடியை வெல்டிங் செய்யப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் சட்டைக் கையை இழுத்து, குழாயை விரலால் காட்டினேன்.

"என்ன லா தனேஸ், மூடுற நேரத்துலயா வாயத் திறக்குற?" என்று சூப்பர்வைசர் திவாகரன் அண்ணன் கத்தினார்.

"அவ எங்க திறந்தா, திவா?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் குழாய் வீணாகிவிட்டது. என்னை வைத்துக்கொள்வார்களா தெரியவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி.

அக்கா கூப்பிடுகிறார். வரும்போது சாக்பீஸ் எடுத்துவரச் சொல்கிறார். வேலையை விட்டு அனுப்புவதானால் சாக்பீஸ் எதற்கு, இல்லையா அம்மா?

உங்கள் மகள்,
தனேஸ்