எந்த உருவம் வாங்குவது

6 ஜூன் 2002, வியாழன்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டில். குழாயில் தண்ணீர் வந்த நாள், எல்லாக் குடமும் நிரப்பியாயிற்று. ஸ்டெல்லா ஒவ்வொரு குடத்தையும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். ஒன்பது வயது. இன்னும் 'அம்மா' என்ற சொல்கூட வாயில் வரவில்லை. குடத்தை ஏன் சுண்டுகிறாள்? தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை.

மதுரை டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொல்லிச் சில மாதம் ஆகிறது. இந்த ஊரில் இன்னொருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். திருச்சியில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் ஸ்டெல்லாவின் அப்பா இடம் கேட்டு வைத்திருக்கிறார். இம்மாதக் கடைசியில் கொண்டுபோய் விடவேண்டும். புது டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் தயார். கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் போய் இடிக்கிறது.

நான் கேட்டது ஒன்றுதான். நம்மைப் போன்ற குடும்பங்கள் இங்கேயே இருக்கும், சனிக்கிழமைகளில் கூட்டிப் பார்க்கிறேன், அதன் பிறகு முடிவு செய்யலாம். இவர் பூட்டுக் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னது: "மொதல்ல ஆள் வரட்டும். வந்தா, பெட்டிய அப்புறம் பாப்போம்."

ஃபாதர் கோயில் ஹாலைத் தருகிறார். ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தும்விட்டார்.

சனிக்கு: பாய். டீத்தூள், வர்க்கி. ஸ்டெல்லாவுக்கு மாற்று உடுப்பு. பேச வேண்டியதை யோசிக்க.

கோயில் வாசலில் திருவிழாக் கடைகள் வந்துவிட்டன. அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு உண்டியலில் போடும் வெள்ளித் தகட்டு உருவங்கள்: கண், காது, கை, கால், வயிறு, வீடு, தொட்டில். கடைக்கார அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்தார். "பிள்ளைக்கு எதுல கோளாறு?" தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் நன்றாகத் தெரிகிறது. காது, பால்காரர் தெருமுனையில் வரும்போதே கேட்கிறது. "பேச மாட்டாளா? அப்ப நாக்கு எடுத்துக்கம்மா." நாக்குக்கும் ஒன்றும் இல்லையே. ஐஸ் ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் சாப்பிடுகிறாள். எதுவும் வாங்கவில்லை. வீடு வரும்வரை அதே யோசனை. இவளுக்கு எந்த உருவம்?

8 ஜூன், சனி

ஹால் நிறைந்துவிட்டது. பாய் போதாமல் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் கிராமத்துக்காரர்கள், நெற்றியில் திருநீறு. எனக்கு ஒரே பூரிப்பு. எல்லார் கையிலும் சின்னச் சின்ன எண்ணெய்ப் பாட்டில் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

எழுந்து நின்று பேசத் தொடங்கினேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமியார் எப்பம்மா வருவாரு? தலையில கை வைக்கணும்ல," என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தோணியார் நவநாள், ஒன்பது நாள் செபம், நடக்கிற வாரம். கோயில் ஹால். நோய் நொடிப் பிள்ளைகளுக்குக் கூட்டம் என்று பூசையில் அறிவிப்பு. குணமாக்கும் செபம் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

செபம் இல்லை, பேசிக்கொள்ளத்தான் கூடியிருக்கிறோம் என்றேன். யாரும் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாவம் என்பது போல என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். "சாமி வந்தாக் குடுத்துருங்க" என்று வெள்ளி உருவங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது ஒரே ஒருத்தி. பாண்டியம்மா, சாணார்பட்டிப் பக்கம், மல்லிகைத் தோட்டம். கூட ஏழு வயது மகள் முத்து. என் பேச்சுக்காக இருக்கவில்லை. மதியம்தான் பஸ்ஸாம்.

டீ கொடுத்தேன்.  அவளே ஆரம்பித்தாள். "ஏங்க்கா, உங்க பிள்ள தலைக்கு ஊத்த விடுவாளா?"

"தெருவே கூடிடும்."

"இவளும்தான். போன தீவாளிக்கு எண்ணெயோட ஓடிப்போய் வைக்கப்போர்ல விழுந்துட்டா. ஒடம்பெல்லாம் வைக்கோலு ஒட்டி, கோழியாட்டம் ரெக்க மொளச்சு வந்தா பாருங்க."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். மகளைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. வேறு எவர் முன்னாலும் சிரித்தால் அது கேலியாகிவிடும். இங்கே ஆகவில்லை. ஏன் என்று யோசிக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால், ஸ்டெல்லா மேசையிலிருந்த உருவங்களைத் தரையில் பரப்பிப் பிரித்துக்கொண்டிருந்தாள். முத்து சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு கால் உருவத்தைப் பார்க்காமலேயே ஸ்டெல்லா பக்கம் தள்ளிவிட்டாள். ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். பஸ் நேரம் வரை இதுதான் நடந்தது.

9 ஜூன், ஞாயிறு

எத்தனை பேர் என்று இவர் கேட்டார். ஒருத்தி என்றேன்.  பெட்டியை இழுத்துக் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார்.

பூசைக்குப் பிறகு ஃபாதரிடம் போனேன். உருவங்கள் உண்டியலுக்குச் சேரவேண்டியவை. சில நாள் வைத்துக்கொள்ளலாமா? ஸ்டெல்லா அவற்றைப் பிரித்து வைப்பதைச் சொன்னேன். சிரித்தார். "திருவிழா நேரத்துல அந்தோணியாருக்கு ஏகப்பட்ட வேலை. கொஞ்சம் பொறுத்துக்குவாரு."

11 ஜூன், செவ்வாய்

மூக்கெல்லாம் தூசி. தும்மல். சோற்றுக்கு வெஞ்சனம் ஒன்றும் வீட்டில் இல்லை, தொட்டுக்கொள்ள அப்பளம்தான்.

ஸ்டெல்லா காலையில் பிரித்துவைத்தது: ஒரு கண், ஒரு வீடு, ஒரு வயிறு சேர்ந்து ஒரு குவியல். இன்னொரு கண் காலோடு. வடிவம் காரணமில்லை. அளவா? இல்லை. பளபளப்பா? அதுவும் இல்லை. கலைத்துப் போட்டேன். மறுபடி அதே குவியல்கள். ஆக, ஒரு கணக்கு இருக்கிறது. கல்லூரியில் இலைகளைப் பிரித்து வகைப்படுத்திய நாளில் கூட எனக்கு இத்தனை ஆர்வம் இருந்ததில்லை.

அடுப்படியில் இருந்தபோது பிடிபட்டது. நான் அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தேன். டிங். டிங். சட். குடத்தைச் சுண்டும் அதே விரல். ஒவ்வொன்றையும் சுண்டிச் சத்தத்தை வைத்துப் பிரிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு குவியலில் எல்லாம் ஒரே சத்தம். கண்ணும் வீடும் வயிறும் ஒரே குரலில்.

இவர் வந்ததும் சொன்னேன். நம்பவில்லை. பூட்டுக் கடைக்காரர், உலோகம் தனக்குத் தெரியாதா என்று தரையில் உட்கார்ந்து தானும் சுண்டிப் பார்த்தார். ஒரு காதை எடுத்துக் குவியலில் போட்டார். ஸ்டெல்லா அதை எடுத்து வேறு குவியலில் வைத்தாள். இவர் மறுபடி சுண்டிப் பார்த்தார். "ஆமா, அவ சொல்றதுதான் சரி," என்றார்.

'சொல்றது' என்றார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

15 ஜூன், சனி

ஃபாதரிடம் அறிவிப்பு வேண்டாம் என்றுவிட்டேன். பாண்டியம்மாவே பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். "சாமி கும்புடறது இல்ல, ஊசி மருந்து இல்ல, டீ உண்டு." கூட அவள் பக்கத்து ஊர்க்காரிகள் இரண்டு பேர், பிள்ளைகளோடு. பள்ளிக்கூடம் சேர்க்காத கதை எல்லாரிடமும். நேர்ந்துகொண்ட கோயில் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு.

பால் தீர்ந்துபோய், இவர் கடையிலிருந்து தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். உடனே கிளம்பவில்லை. டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பூ எடுக்கப் போகும் நேரத்தில் முத்துவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பாண்டியம்மா சாதாரணமாகச் சொன்னாள். "உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவேன். கெணத்துப் பக்கம் ஓடிருவாள்ல." இவரைப் பார்த்து, "உங்க கடையில வாங்குனதுதாண்ணே. நல்ல பூட்டு. எம்புட்டு இழுத்தாலும் அசையாது."

மனதாரத்தான் பாராட்டினாள். இவர் கையில் இருந்த டம்ளர் வழிந்தது.

17 ஜூன், திங்கள்

 இவர் தானாகச் சொன்னது: "வெளிக்கொக்கிக்கு ஒரு பூட்டுன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஆடு மாட்டுக்குன்னு நெனச்சிருந்தேன்."

எத்தனை வீடுகள்? யார் யார்? அவருக்கு முகங்கள் ஞாபகம் இருக்கும். கேட்கத் துணிவில்லை.

19 ஜூன், புதன்

கூட்டும்போது விளக்குமாறு எதிலும் இடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பெட்டி இல்லை. பெயர் எழுதப் பெயிண்டரிடம் போயிருக்கும். விடுதிப் பெட்டிக்குப் பெயர் கட்டாயம் என்று சிஸ்டர் சொன்னது நினைவில். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நாள் குறித்துவிடுவார்.

உருவங்களை உண்டியலில் போட்டுவிட்டேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றும் விழும் சத்தத்தை, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கை நீட்டினாள். கொடுக்க ஒன்றும் இல்லை.

அவளுடைய உடுப்புகளை மடித்து வைத்தேன். மறுபடி கலைத்தேன்.

22 ஜூன், சனி

ஹாலுக்குள் போனால் நடுவில் பெட்டி. பக்கத்தில் இவர், கடையைத் திறக்காமல். பாண்டியம்மாவுக்குப் பின்னால் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு புதுக் குடும்பம், அம்மா, அப்பா, மகள். பூட்டு வாங்கியவர்களாம். இவரே சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பெட்டிக்குள் பாய், டம்ளர்கள், மீதியெல்லாம் சாவி. கடையில் சேர்ந்துபோன ஜோடியில்லாத சாவிகள், பித்தளை, இரும்பு, துருப்பிடித்தது, பெரியது, சிறியது. ஸ்டெல்லா ஒன்றைச் சுண்டினாள். டிங். உட்கார்ந்துவிட்டாள்.

"திருச்சிக்கு?"

"போன் பண்ணிட்டேன். இந்த வருசம் வேணாம்னுட்டேன்."

மூடியில் பச்சை எழுத்து: சனிக்கிழமை. யார் பெயரைப் போடுவது என்று பெயிண்டர் கேட்டானாம்.

சாவியை எல்லாம் தரையில் கொட்டியதும், முத்து காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாண்டியம்மா இறங்கச் சொல்லி அதட்டினாள். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மூடி விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, அவள் இறங்கும்வரை அப்படியே நின்றார்.