அண்ணே, படகைக் கரை ஏற்றிவிட்டோம்

கூப்பிட்டால் 'என்னாத்தா' என்று திரும்பிப் பார்க்கிற என் அண்ணனுக்கு,

நேற்று படகைக் கரை ஏற்றிவிட்டோம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கோணலாகத்தான் வரும், நீ சிரிக்கக் கூடாது. நீ இருந்தவரைக்கும் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஞாயிறு தவறாமல் சின்னமனூரிலிருந்து வண்டியில் வந்து என் வாசலில் நிற்கிறவனுக்கு எதற்குக் கடிதம்?

இப்போது எழுதுகிறேன். யார் யாரோ படிப்பார்கள், படிக்கட்டும். தேனிப் பக்கம் ஏது கடல், பாய் கட்டிய படகுக்கு அங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்கள். ஊரே கேட்டதுதானே.

உனக்கு நினைவிருக்கும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போன லாரி, உன் பேச்சைக் கேட்டு ஒரு பழைய பைபர் படகைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. உன் கூட்டாளி பவுன்ராசு அண்ணன் தன் வெல்டிங் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். லாரிக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, அங்கன கடல் இருக்கு, அவன் படகு விக்கிறான். இங்கன என்னலே இருக்கு, நீ வாங்கியாந்திருக்க?"

"காத்து இருக்குல்ல" என்றாய் நீ. "ஆடி மாசமானா என் வாழையெல்லாம் சாய்ச்சுப் போட்டுட்டுப் போகுதுல்ல. அந்தக் காத்து எனக்கும் ஒரு வேலை செஞ்சு குடுக்கட்டும்லே."

அந்தப் பேச்சில் அவர் விழுந்துவிட்டார். போர் போடுகிற பைப்பில் அவரே பாய்மரம் செய்து கொடுத்தார். மூன்றாவது ஆளாகக் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற பாபு சேர்ந்தான். கோட்டயம் பக்கம் காயலோரத்தில் பிறந்தவன், சின்ன வயதிலேயே பாய் கட்டிய வள்ளத்தில் போனவன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அப்பன் மடியில் உட்கார்ந்துகொண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. என் வீடு அணைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்ததால் படகு என் வாசல் வேப்பமரத்தடிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் மில் வேலை முடிந்து பழனிசெட்டிபட்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஒங்க அண்ணன் மாடு கட்ட எடம் கேட்டாக் குடுக்கலாம், படகு கட்டவா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் பாய் எது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பவுன்ராசு அண்ணனின் தங்கை மகளுக்குக் காதணி விழா வைத்தபோது அடித்த பிளக்ஸ். தாய்மாமனாக அவர் கை கூப்பி நிற்கிற படம், மேலே 'வருக வருக'. காற்று நிறைந்ததும் அவர் முகம் உப்பிக்கொண்டு தண்ணீர் மேல் போயிற்று. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஆத்தாடி! யாரு இது, தண்ணிக்குள்ள போயி ஓட்டுக் கேக்குறாக?"

அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்தவளும் நான்தானா என்று இப்போது தோன்றுகிறது.

மாடு பூட்டிப் பழகிய கை உனக்கு. வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் இழுப்பாய். படகின் சுக்கான் அப்படிக் கேட்காது. அதன் பிடியை இடப்பக்கம் தள்ளினால்தான் படகு வலப்பக்கம் திரும்பும். இது தெரியாமல் முதல் ஆடி முழுவதும் நீ ஒரு பக்கம் பார்க்க, படகு மறு பக்கம் போய்க் கருவேல முள்ளுக்குள் சொருகிக்கொண்டது. அணைச் சுவர்ப் பக்கம் காற்றோடு போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. படகுக்குக் கயிறு கட்டிக் கரையோரமாக மூன்று பேரும் இழுத்துக்கொண்டு வருவீர்கள். காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது, உழவில் சால் திருப்புவது போல் குறுக்கே போய்த் திரும்பி, மறுபடி குறுக்கே போய்த் திரும்பித்தான் வர வேண்டும் என்று நீயாகத்தான் கண்டுபிடித்தாய். அதற்குள் இரண்டு ஆடி போய்விட்டது.

காற்று அடங்கியதும் ஆவணிக் கடைசி ஞாயிறு கரையேற்றம். புரட்டாசி பிறந்தால் மதினி மீன்சட்டியைத் தொட விடாது என்பதால் அந்த நாள். படகைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் நான் ஜிலேபிக் கெண்டைக் குழம்பு வைக்க, மூன்று பேரும் அந்த வருசத்துக் கதையைச் சொல்வீர்கள். பட்ட பாட்டை மட்டும்தான் சொல்ல வேண்டும், பெருமை பேசினவன் குழம்புச் சட்டியைக் கழுவ வேண்டும். நீங்கள் வைத்துக்கொண்ட சட்டம் அது.

"நான் இந்த வருசம் ரெண்டு தடவ கவுந்தேன்" என்பான் பாபு.

"ரெண்டுதானாலே? நான் மூணு. அதுல ஒரு தடவ வேட்டியும் போச்சு" என்பாய் நீ.

"பாத்தியா, கவுந்ததுலயும் இவனுக்குத்தான் பெருமை! போலே, போயிச் சட்டியக் கழுவு" என்பார் பவுன்ராசு அண்ணன்.

ஒரு வருசம்கூட நீ கழுவாமல் போனதில்லை.

பங்குனியில் நீ போனாய், தண்ணீரில் இல்லை. வாழைத்தோப்பில் தார் வெட்டி முடித்து வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நானும் மதினியும் இத்தனை வருசம் தண்ணீரைப் பார்த்துத்தான் பயந்தோம். மேகம் கறுத்தால் மதினி போன் போடும், "கரைக்கு வந்துட்டாகளா பேச்சி?" என்று கேட்கும். அவ்வளவு பயத்தையும் சாவு வராத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். வரப்பைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா அண்ணே?

கருமாதி முடிந்து மதினி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் படக இனி என் கண்ணுல காட்டிராத ஆத்தா." அது என் வாசலில்தான் கிடந்தது. காலையில் கோலம் போடக் குனிந்தால் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

ஆனி பிறந்ததும் காற்று வந்துவிட்டது. ஆள் இல்லை என்று அதற்கு யார் சொல்வது? நான்தான் இரண்டு பேருக்கும் போன் போட்டேன். "வெயிலுல கெடந்து வெடிக்குதுண்ணே, ஒரு தடவ எறக்கிட்டுப் போங்க" என்றேன். வந்தார்கள். தண்ணீரில் தள்ளிவிட்டு இரண்டு பேரும் முன்னால் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்பக்கம் உன் இடம் காலியாக இருந்தது.

"நீ போயி உக்காருலே."

"ஞான் இல்ல. நீங்க போங்க."

கல்யாண வீட்டில் முன்வரிசைக்குக் கூச்சப்படுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். கடைசியில் பவுன்ராசு அண்ணன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுக்கான் பக்கம் போனார்.

இதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். படகு தூரம் போகப் போக அவர் முகம் தெரியாமல் போயிற்று. பிளக்ஸ் கிழிந்த பிறகு நீ கட்டிய நீலத் தார்ப்பாய் விரிந்து நிற்கிறது, அதன் பின்னால் தலைத்துண்டு கட்டிய ஓர் ஆள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் தெரிந்தது. அந்தத் தூரத்தில் அது யாராகவும் இருக்கலாம். அது நீயாகவும் இருக்கலாம் அண்ணே.

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தும் நகரவில்லை. திரும்பி வரும்போது, கிட்டே வரவர நீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பவுன்ராசு அண்ணன் ஆகிவிட்டாய்.

அதற்காகத்தான் மறு ஞாயிறும் போன் போட்டேன். அதற்கு மறு ஞாயிறும். படகு போகிறவரைக்கும் அந்தக் கொஞ்சத் தூரத்தில் நீ எனக்கு இருக்கிறாய் என்று நினைத்தேன். அவர்களுக்கு மனசு இல்லை என்று தெரிந்தது. வந்தால் அதிகம் பேச மாட்டார்கள். பாபு பாயைக் கட்டும்போது ஒரு பாட்டை இழுப்பானே, அதுகூட இல்லை. ஆனாலும் வந்தார்கள். உன் தங்கச்சி கூப்பிட்டால் எப்படி வராமல் இருப்பார்கள்?

ஆடி நடுவில் ஒரு காற்று அடித்தது. ரோட்டில் போகிற பைக்கைச் சாய்க்கிற காற்று. படகு நடுத்தண்ணீரில் இருந்தது. பவுன்ராசு அண்ணனும் ஒரு காலத்தில் மாடு பூட்டினவர்தான். பதற்றத்தில் அவர் கை பழைய வழிக்கே போய்விட்டது, தள்ள வேண்டிய பிடியை இழுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் தண்ணீரில் படுத்தது.

மிதப்புக்கென்று முதுகில் கட்டியிருந்த காலி எண்ணெய்க் கேன்தான் அவரை மிதக்க வைத்தது. காலில் பாய்க்கயிறு சுற்றிக்கொண்டது. பாபு முங்கி முங்கி அதைப் பிரித்தான். மீன் பிடிக்கிற பரிசல்காரர்கள் துடுப்புப் போட்டு வந்து இரண்டு பேரையும் தூக்கி, படகையும் கரைக்கு இழுத்து வந்தார்கள். கரையில் நான் கத்தினேன். என்ன பெயர் சொல்லிக் கத்தினேன் என்று பாபு பிறகு சொன்னான். உன் பெயரையாம்.

பவுன்ராசு அண்ணனின் தோள் மூட்டு விலகிவிட்டது. பார்க்கப் போனேன். அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல் கேட்டது: "ஒண்ணு போனது பத்தாதா பேச்சி?"

காப்பியைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. நேற்று கரையேற்ற நாள் என்று அவர்களாகவே வந்தார்கள். வழக்கம்போல் கெண்டை வாங்கிக் குழம்பு வைத்தேன். பவுன்ராசு அண்ணனால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, படகைக் கவிழ்த்துப்போட என் வீட்டுக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தோம்.

"நான் கவுந்தேன்" என்றார் பவுன்ராசு அண்ணன்.

"ஞானும்" என்றான் பாபு.

அவ்வளவுதான், இந்த வருசத்துக் கதை முடிந்துபோயிற்று. குழம்பில் ஏடு கட்டியது.

"நம்ம ஆளு இருந்தா இந்த ஒரு தடவ கவுந்ததையே பொழுது சாயிற வரைக்கும் சொல்லுவாரு, கேட்டோ சேச்சி" என்றான் பாபு. சிரிக்கத்தான் சொன்னான். பவுன்ராசு அண்ணன் துண்டால் மூக்கைச் சிந்தினார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாபு கடையை விட்டுவிட்டு மகனோடு கோட்டயத்துக்கே போகிறானாம். பவுன்ராசு அண்ணனின் கை இனி பட்டறைக்கே ஆகுமா என்று தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் படகைப் பார்த்துச் சொன்னார்.

"பரிசல்காரவக கேட்டாக தங்கச்சி. வலை போட ஆகும்னு சொன்னாக. நாங்க ஒண்ணும் சொல்லல. நீ எறங்கச் சொன்னா அடுத்த ஆனிக்கும் எறங்குறோம். ஒத்தக் கையால புடிச்சுக்குவேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கையோடு வந்து ஏறுவார். பாபுவும் கோட்டயத்திலிருந்து பஸ் ஏறி வருவான். அடுத்த ஆடியிலும் எனக்கு அந்தத் தூரம் கிடைக்கும். என் வாயில்தான் இருந்தது அது.

அவர் தோளைப் பார்த்தேன். உள்ளே போட்டிருந்த கட்டின் மேடு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"வேணாம்ணே" என்றேன். "குடுத்துருவோம்."

பாய்மரத்தைக் கழற்றினார்கள். தானே செய்த பைப்பைப் பவுன்ராசு அண்ணன் திரும்பக் கொண்டுபோகவில்லை, வேலியோரம் சாய்த்துவிட்டுப் போனார். சொல்லிக்கொண்டு போகும்போது பாபு என் கையைப் பிடித்தான். இனி இந்த இரண்டு பேரும் என் வாசலுக்கு எதற்கு வருவார்கள் அண்ணே? நல்லது கெட்டதுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வர மாட்டார்கள். சட்டியை நானே கழுவினேன்.

வேறு என்ன சொல்ல? உன் தோப்பில் இந்த ஆடியிலும் வாழை சாய்ந்தது. நட்டது நீ, முட்டுக் கொடுக்க ஆள் இல்லை. உன் மகன் வாழையை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்கிறான். மதினி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படகைக் கொடுக்கப் போகிறோம் என்று போனில் சொன்னேன். மனசு ஆறும் என்று நினைத்தேன். "அதுவும் போகுதா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டது.

காலம் போனால் சரியாகும் என்கிறார்கள். ஆகவில்லை. ஆகும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளிக்கிழமை காலையில் படகை எடுக்க வருகிறார்கள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நானும் ஒரு பக்கம் கை கொடுத்துத் தண்ணீரில் தள்ளிவிடுவேன், அழ மாட்டேன். தள்ளியதும் திரும்பி நடந்துவிடுவேன். நின்று பார்த்தேன் என்றால் படகு தூரம் போகும், ஓட்டுகிறவர் முகம் மறையும், மறுபடி நீ வந்து உட்கார்ந்துகொள்வாய். முகம் தெரிகிற தூரத்தில் அது இருக்கும்போதே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன் அண்ணே.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
பேச்சி