ஈரமூட்டை

குகட்பள்ளி, ஹைதராபாத்
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள தம்பி கணேஷுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். விருதுநகரில் நீயும் அப்பாவும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுத எனக்குப் பயம். அதனால் ஹம்ஸினியின் ஸ்கூல் நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டேன். கூரியர் வந்தால் நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு. அம்மா கண்ணில் பட வேண்டாம்.

உன் மச்சானுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. காலை ஆறரைக்கே ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கிறார். அவர் வீடு திரும்பும்போது நான் என் ஆபீஸில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஹம்ஸினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வருகிறது. இப்போதுகூடப் பக்கத்தில் வந்து நின்று, "எவரிக்கம்மா லெட்டர்?" என்று கேட்டாள். மாமாவுக்கு என்றேன். மாமாகிட்ட போன் இல்லையா என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

கணேஷ், நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன் என்பது மட்டும்தான் நம் வீட்டில் தெரியும். என்ன வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்று சேரும்போதே எழுதி வாங்கிவிட்டார்கள். நாலு வருஷமாகச் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். நெட்டில் யாராவது ஒரு பதிவைப் பார்த்து இது தப்பு என்று புகார் கொடுத்தால், அது எங்கள் ஸ்கிரீனுக்கு வரும். தமிழ்ப் பதிவு என்றால் எனக்கோ பக்கத்து சீட் நஸ்ரினுக்கோ வரும். படித்துவிட்டு 'நீக்கு', 'விடு' என்ற இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். ஒன்றுக்கு நாற்பது விநாடி. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பாத்ரூம் போனாலும் கடிகாரம் ஓடும். சுவர் முழுக்க நாம் ஒரே குடும்பம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனசு கனத்துப் போனால் போய் உட்கார பஞ்சுத் திண்டு போட்ட ஒரு ரூம்கூட இருக்கிறது. ஆனால் அதற்கு டீம் லீட் ஜகதீசன் சாரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்க வேண்டும். மனசு நேரம் பார்த்தா கனக்கும்?

வேலையில் சேர்ந்த புதிதில், நெட் முழுக்கக் கெட்டவர்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முக்கால்வாசிப் பேர் சலித்துப் போனவர்கள். ஆபீஸில் மேனேஜரிடம் வாயைத் திறக்க முடியாதவன், முன்பின் தெரியாத ஒருத்தியின் போட்டோவுக்குக் கீழே வந்து வாந்தி எடுக்கிறான். பத்துப் பேர் சிரித்துவிட்டால் மறுநாளும் வருகிறான். எனக்கே சாயங்காலம் ஆனால் யாரைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது. பெற்ற பிள்ளையிடம்கூட வள்ளென்று விழுகிறேன். பழிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு பதிவு வந்தது. கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ஒரு குரூப். ஒரு பெண் கேட்டிருந்தாள், பிள்ளை பிறந்து மூன்று வருஷம் வேலையை விட்டிருந்தேன், திரும்ப வர நினைக்கிறேன், எதை முதலில் படிக்கலாம் என்று. நாலே வரி. அதற்குக் கீழே ஒருவர், "மூணு வருஷம் நனைஞ்ச ஈரமூட்டை. இனி எவன் தூக்குவான்?" என்று எழுதியிருந்தார். எனக்கு நாற்பது விநாடியும் ஓடி முடிந்துவிட்டது. நான் எதையும் அமுக்கவில்லை.

அந்த வார்த்தை இந்த உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், நீயே சொல். சிமெண்ட் கிடங்கில் தண்ணீர் பட்டு இறுகிப்போன மூட்டையை அப்பா அப்படிச் சொல்வார். விற்க முடியாது, உடைக்கவும் முடியாது, ஓரமாகத் தள்ளிவை என்பார். அப்புறம், கணக்கு ஏறாத எனக்கு அந்தப் பெயரை வைத்தார். இருந்தாலும் ஒரு சந்தேகத்தில் எழுதியவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் வேறாகத்தான் இருந்தது. படத்தில் இருந்தது அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி. நீ கிரிக்கெட் பந்தால் உடைத்து, அவர் செல்லோடேப் ஒட்டிய அதே முன்விளக்கு.

உன் பழைய பதிவுகளையும் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் எத்தனை பேருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்! உங்களால்தான் அண்ணே எனக்கு வேலை கிடைத்தது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் உன் வேலை போனதிலிருந்து பதில்கள் சுருங்கிவிட்டன. அதற்கப்புறம் நீ எழுதியதெல்லாம் ஆளைக் கடித்துக் குதறுவதுதான்.

தெரிந்தவர் பதிவு வந்தால் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை கெட்ட வார்த்தைப் பட்டியலில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 'விடு' அமுக்கினேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. குரூப்பில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டிக்கர்கூடப் போட்டுவிட்டார்கள். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் ஈரமூட்டை, ஈரமூட்டை. நூற்றுக்கணக்கில் புகார் வந்ததும், முந்தின வார வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ஜகதீசன் சார் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நஸ்ரின் வாணியம்பாடிக்காரி, அவளுக்குத் தெரியாது. தெற்கத்திக்காரி என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நனைந்த மூட்டை சார், எங்கள் பக்கம் சும்மா கேலிக்குச் சொல்வது என்றேன். அவர் அதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டார். தீங்கில்லாத சொல் என்று. அன்றிலிருந்து மெஷினே அதை விட்டுவிடுகிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தால் மட்டும்தான் எங்களிடம் வரும்.

இந்தப் புதன்கிழமை அந்தப் பெண்ணின் ஒன்பதாவது புகார் என்னிடம் வந்தது. காரணம் எழுதும் இடத்தில், "இந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று எழுதியிருந்தாள்.

தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அப்போதும் பட்டியல் சொன்னபடி 'விடு' அமுக்கினேன், கணேஷ். பிறகு அந்தப் பஞ்சுத் திண்டு ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நான் ஆறாவது, நீ ஒன்றாவது. கிடங்கு முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார். ஏ ஈரமூட்டை, தண்ணி கொண்டா என்று அப்பா அவர் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டார். டிராயர் நழுவ நழுவ நீ போய் அப்பா எதிரில் நின்று, "அக்கா பேரு அது இல்லப்பா, வசந்தகுமாரி" என்றாய். அறை விழுந்தது. அழுதுகொண்டே மறுபடியும் அதையே சொன்னாய். அதற்கப்புறம் அப்பா அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. இருபத்து மூன்று வருஷம் எடுக்கவில்லை.

இப்போது உன்னை அப்படிக் கூப்பிடுகிறாராமே. அம்மா போன வாரம் போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். சாப்பிட உட்காரும்போதுகூடவாம். எட்டு மாதமாக நீ அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். நான் போன் போட்ட போதெல்லாம் இன்டர்வியூ என்ன ஆச்சு என்றுதான் கேட்டேன். நீ எப்படிடா இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் அந்தக் குரூப்பில் கேட்ட பெண் உன்னை என்ன செய்தாள்? அந்த வார்த்தை உன்மேல் விழுந்தபோது உனக்கு வலித்ததுதானே?

வருகிற வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தத்தைச் சொல்லப் போகிறேன். எழுதியவரைத் தெரியும், தெரிந்தும் மறைத்தேன் என்பதையும் சொல்வேன். உன் பக்கத்தை மூடிவிடுவார்கள். என் வேலையும் போகலாம். உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. நஸ்ரினிடம் மட்டும் சொன்னேன். ஒத்த வார்த்தைக்காகவா வேலைய விடுவீங்க அக்கா என்று கேட்டாள். நாம் நாள் முழுக்கப் பார்ப்பதே ஒத்த வார்த்தையைத்தானே என்றேன். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. மறைப்பதும் அலுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும். நான் சொல்லி மற்றவர்கள் உன்னை நீக்குவதற்கு முன்னால், நீயாகவே அந்தப் பதிவை எடுத்துவிடு. அந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுது. அர்த்தம் சொல்லாவிட்டாலும் போகிறது. எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டாளே, அதற்குப் பதில் எழுது. உன்னைவிட நன்றாகச் சொல்ல அந்தக் குரூப்பில் ஆள் இல்லை. அவள் கேள்விக்கு மேலே அவள் பெயர் இருந்தது, பார்த்திருப்பாய். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பி.

இதை உறையில் போட்டு ஒட்டியதும் அப்பாவுக்குப் போன் செய்யப் போகிறேன். என் தம்பி பேரு அது இல்லப்பா, கணேஷ்குமார் என்று சொல்வேன். அவர் கத்துவார். மறுபடியும் அதையே சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. மனசைத் தளர விடாதே. சாமி உன்னைக் கைவிடாது.

இப்படிக்கு,
நீ அறை வாங்கிப் பெயர் மீட்டுக் கொடுத்த அக்கா,
வசந்தகுமாரி