காப்பு கட்டிய ஊருக்கு முப்பது கிலோ மத்தி

மே 6, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரும் கூடவே கட்டிக் கிடக்கிறார். கிழிந்த வலை பொத்தப் போகிறேன் என்று காலையில் கிளம்புவார், பத்து மணிக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். படகு முதலாளிக்காவது வீட்டு வாடகை வருகிறது. படகில் வேலைக்குப் போகிறவருக்குக் கடல்தான் வாசல், அதற்கும் இப்போது பூட்டு.

நான் மட்டும் ஓடுகிறேன். ஐஸ் பெட்டியை எக்ஸ்எல் வண்டியில் கட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் உள்ளே, கரையிருப்பு வரைக்கும். அங்கே இப்போது பருத்தி எடுப்பு. பெண்களெல்லாம் கையில் கூலியோடு தெருவில் நிற்கிறார்கள். என் பெட்டியில்தான் மீன் இல்லை. ஃபைபர் படகுக்குத் தடை கிடையாது, ஆனால் ஏலத்தில் அந்த மீன் விலையைக் கிட்டே நெருங்க முடியவில்லை. கேரளா லாரி ஐஸ் மீன் ஆறு கிலோ எடுத்துக்கொண்டு போனேன்.

என்னிடம் வாடிக்கையாக வாங்கும் வேம்பு அக்கா செவுளைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி பிரியா, நாங்க கூலி பாக்குற நேரமாப் பாத்துத்தான் ஒங்க கடலு கதவ சாத்திக்குமா?"

நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பெட்ரோல் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மே 9, வெள்ளி

நாகூர் ஹாஜா மைதீன் பாய் வீட்டுக்கு வந்தார். பஹ்ரைன் படகுக்கு ஆள் எடுக்கிறாராம். இரண்டு வருஷம். நம்ம குப்பத்திலிருந்தே நாலு பேர் கையெழுத்துப் போட்டாச்சாம். மனுஷர் நல்லவர், ஒன்றையும் மறைக்கவில்லை. வெயில் எப்படி, ஒரு அறையில் எத்தனை பேர், எல்லாம் சொன்னார். "அவசரம் இல்லம்மா. ஜூலைக் கடைசிக்குள்ள ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பாய் போனதும் இவரே எழுந்து டம்ளரைக் கழுவி வைத்தார். பதினேழு வருஷத்தில் இவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. 

மே 10, சனி

பாஸ்போர்ட்டைத் தேடுகிறார். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார். "அரிசி டிரம்முக்குள்ள பாஸ்போர்ட்டு எப்படிடி வரும்? வெதச்சு வச்சிருந்தியா?" என்றார். மகள் சுவேதா சிரித்துவிட்டாள். பத்தாவது முடித்த பிள்ளை, எதற்கு ஒளித்தேன் என்று அதற்குத் தெரியாதா என்ன.

நான் கத்தினேன். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அங்க எல்லை தாண்டிட்டேன்னு புடிச்சு வச்சா நான் எந்தக் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறது? ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு தூக்குவா? நான் சம்பாரிக்கலியா? என் சம்பாத்தியத்துல ஒங்களுக்குச் சோறு எறங்கலியா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அப்புறம் அவரே இறங்கி வந்தார். தடை முடிந்து படகு இறங்கட்டும், ஆடி பிறக்கிற வரைக்கும் பார்ப்போம், படகுப் பங்கும் நம்ம வியாபாரமும் சேர்ந்து வண்டி ஓடினால் பாய்க்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சரி என்றேன். என் தலையில் நானே ஏற்றிக்கொண்ட பரீட்சை. காளியம்மா, என்னைத் தோற்கடித்துவிடாதே.

மே 27, செவ்வாய்

இரண்டு நாளாக அடை மழை. கரையிருப்பில் வெடித்து நின்ற பருத்தி எல்லாம் செடியிலேயே நனைந்து கறுத்துவிட்டது. எடுப்பு நின்றுபோச்சு. வேம்பு அக்கா வாசலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு வேணாம் பிரியா" என்றாள், பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதே மழைக்கு அடுத்த தெருவில் ஒருத்தர் கோடை உழவுக்கு ஆச்சு என்று டிராக்டரை வரச்சொல்லிக்கொண்டிருந்தார். வேதாரண்யத்தில் உப்பளம் கரைந்து போச்சு என்று பஸ்ஸில் வந்தவர்கள் பேசுகிறார்கள். வாத்தியார் வீட்டில் மட்டும் எப்போதும்போல ஒரு கிலோ வஞ்சிரம் கேட்டார்கள். மாசச் சம்பளம் வாங்குகிற வீட்டில் பருவம் ஏது. பொறாமையா? ஆமாம், பொறாமைதான்.

ஜூன் 14, சனி

ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் போட்டாச்சு. நாளைக்கு விடியலில் இறங்குகிறார்கள். இரண்டு மாசத்துக்குப் பிறகு இன்று நிமிர்ந்து நடக்கிறார். சட்டை போடாமல் தெருவில் போய் எல்லோரோடும் சிரித்துப் பேசிவிட்டு வந்தார். இந்த மனுஷன் பாலைவன நாட்டில் போய் என்ன செய்வார்?

ஜூன் 19, வியாழன்

மீன் மலை மாதிரி வந்து குவிந்தது. சங்கரா, கிழங்கான், காரப்பொடி, மத்தி. கண் நிறைந்துபோச்சு. எட்டு மணி வரைக்கும்தான் அந்த சந்தோஷம். எல்லாப் படகும் ஒரே நாளில் வந்தால் யார் வாங்குவது? ஏலத்தில் விலை படிக்கட்டில் இறங்குவது போல இறங்கிக்கொண்டே போச்சு. இறாலுக்காவது நல்ல விலை வரும் என்றிருந்தோம். எங்கேயோ அமெரிக்காவில் வரி போடப் போகிறார்களாம், அதனால் கம்பெனிக்காரர்கள் யோசிக்கிறார்களாம். அமெரிக்காக்காரன் யோசித்தால் எங்கள் குப்பத்தில் உலை கொதிக்காதா?

டீசல் கழித்து, ஐஸ் கழித்து, பங்கு பிரித்தபோது இவர் கையை விரித்துக் காட்டினார். 

ஜூன் 26, வியாழன்

மலிவாக எடுத்தேன், நிறைய எடுத்தேன். கரையிருப்பில் ஆறு வீடுதான் வாங்கியது. பருத்தியும் போய், நடவும் தொடங்காமல், கையில் காசு ஓட்டமில்லாத மாசம். மேட்டூர் திறந்துவிட்டார்கள்தான். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரணுமே. வேம்பு அக்கா மகன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான், பனியன் கம்பெனியில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்களாம். "அவன் அனுப்புவான்னு நான் இருந்தேன், இப்ப அவனுக்கும் சேத்து நான் வடிக்கிறேன்" என்றாள்.

போன மாசம் அவர்களிடம் கூலி இருந்தது, என்னிடம் மீன் இல்லை. இந்த மாசம் என்னிடம் மீன் இருக்கிறது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

இன்று முதல் கரையிருப்புப் பக்கம் போவதில்லை. நாகூர் டவுனில் நாலு தெரு பிடித்திருக்கிறேன். தர்காவுக்கு வருகிறவர்கள் கூட்டம், ஓட்டல்காரர்கள். பேரம் அடித்துக் கொல்கிறார்கள். ஆனாலும் வாங்குகிறார்கள். வேம்பு அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பத்து வருஷமாக அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். மனசு உறுத்துகிறது. உறுத்தலைப் பார்த்தால் பஹ்ரைன் வந்துவிடும்.

ஜூலை 14, திங்கள்

ஆடிக்கு மூன்றே நாள். அவர் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. பாய் ஒருதரம் போன் செய்தார், நான்தான் எடுத்தேன். அவர் கடலில் இருக்கிறார் என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 21, திங்கள்

ஆடி பிறந்து ஐந்து நாள் ஆச்சு. கெடு முடிந்தது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

ஆனால் இன்று ஒரு நல்ல சேதி. கீழ்வேளூர் பஸ்ஸில் வந்த பெண் சொன்னாள், கரையிருப்பு வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஒரு வாரமாக நடவாம். பெண்களுக்கு ஒரு நாள் விடாமல் வேலையாம். நடவுக் கூலி வாங்குகிற தெரு மீனில்லாமல் உலை வைக்காது. எனக்குத் தெரியாதா அந்தத் தெருவை! நாளைக்கு முப்பது கிலோ எடுக்கப்போகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். அப்புறம் அவரிடம் பேசலாம்.

ஜூலை 22, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

முப்பது கிலோ மத்தி. எல்லாம் முதல்தரம், கண்ணாடி மாதிரி. பெட்டி பத்தாமல் ஒரு கூடையையும் கட்டிக்கொண்டு போனேன். கரையிருப்பு முகப்பில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே கட்டியாச்சு. பத்து நாளைக்கு ஊருக்குள் மீன் வாசமே ஆகாது.

ஒவ்வொரு வருஷமும் ஆடிக் கடைசியில்தான் கட்டுவார்கள். இந்த வருஷம் களை எடுப்பு வந்துவிடும் என்று முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். தினம் போய்க்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். தமுக்கடித்துச் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. மீன்காரிக்கு, மீன்காரிக்குத் தெரியாது! எந்த ஊரில் என்றைக்குக் காப்பு என்று தெரியாதவள் எதற்குப் பெட்டி தூக்கணும்?

மஞ்சள் வேட்டி கட்டிய பெரியவர் ஒருத்தர் ஓடிவந்தார். "அம்மா, அப்படியே நில்லு. பொட்டியோட தோரணத்தத் தாண்டாத" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேம்பு அக்கா சேறு காயாத காலோடு வந்தாள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கையில் சொம்பு.

"ரெண்டு வாரமா நீ எட்டிப் பாக்கல. யாருடி ஒனக்குச் சொல்லுவா?"

"போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"ரீசார்ஜ் போட்டு ரெண்டு மாசமாச்சு" என்றாள். "தண்ணியக் குடி மொதல்ல. மூஞ்சி செத்துப் போயிருக்கு."

குடித்தேன். என் பெட்டியைத் தொட்டுவிடாமல் தள்ளி நின்று, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். பக்கத்து இரண்டு ஊருக்கும் அதே அம்மன்தான். அங்கேயும் தோரணம். நாகூருக்குத் திருப்பி ஓட்டினேன், வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, மத்திக்கு வயிறு உடைய ஆரம்பித்துவிட்டது. எந்த ஓட்டலில் வாங்குவான்?

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஒப்பாரி மாதிரி அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

ஜூலை 23, புதன்

நேற்று மீதியை எழுதாமல் தூங்கிப்போய்விட்டேன்.

நான் அழுதுகொண்டிருந்தபோது அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார்த்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மத்தி வயிற்றைக் கீறிக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருக்கிறார். கருவாடு போடுவது எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. கடலுக்குப் போகிற ஆம்பிளை அதைத் தொட்டால் கேலி பேசுவார்கள். பேசினார்கள். மேலே வலைக்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். இவர் தலையைத் தூக்கவில்லை. கத்தி பிடிக்கவே தெரியவில்லை, இரண்டு விரலில் ரத்தம், அதிலேயே உப்பு.

பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் கீறினேன். பாதி முடிந்தபோது என் வாய்தான் சொன்னது. நான்தான் சொன்னேன்.

"பாய்க்குப் போன் போட்டு, வரேன்னு சொல்லிடுங்க."

கத்தியை நிறுத்தினார். "நீதான சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அப்படியென்றால் இவர் போக முடிவு பண்ணி எத்தனை நாளாச்சு? நான் தோற்கட்டும் என்று காத்திருந்தாரா, நான் ஜெயித்துவிட மாட்டேனா என்று காத்திருந்தாரா? கேட்கத் தைரியம் இல்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

மெடிக்கல் முடிந்தது. சுவேதா போனில் வீடியோ கால் வைத்துக் கொடுத்துச் சொல்லித் தருகிறது. இவர் திண்டாடுகிறார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திருச்சியில் ஏற்றிவிட்டு வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபிறகு திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்களைக் கண்டாரோ என்னவோ, வேறு பக்கம் பார்த்துக் கையாட்டினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போன் வந்தது. ஒரு அறையில் எட்டு பேர். சாப்பாடு பரவாயில்லையாம். "காத்து சூடா இருக்கு, தண்ணி சூடா இருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார். குரல் நல்லாயில்லை.

கரையிருப்பில் காப்பு அவிழ்த்து இரண்டு வாரம் ஆச்சு. ஆடி வெள்ளி, ஆடிப் பதினெட்டு எல்லாம் முடிந்து தெருவே மீனுக்கு ஏங்கிக் கிடக்கிறது. பதினோரு மணிக்குள் பெட்டி காலி. வேம்பு அக்காவே இரண்டு கிலோ வாங்கினாள். இந்த வியாபாரம் ஒரு மாசம் முன்னால் நடந்திருந்தால் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சுவேதா புளி கரைத்து, மசாலா கூட்டி, சட்டியை அடுப்பில் வைத்திருந்தது. "அம்மா, கொழம்புக்கு மீனு?" என்றது.

நின்றுவிட்டேன். பெட்டியில் ஒரு செதில்கூட இல்லை. எனக்கென்று எடுத்து வைக்கணும் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? கடலுக்குப் போனவருக்குப் பங்கோடு ஒரு பை குழம்பு மீன் சேர்த்துக் கொடுப்பார்கள். முதலில் அப்பா கொண்டுவந்தார், அப்புறம் இவர். தடைக்காலத்தில்கூட ஃபைபர் படகில் கயிறு இழுத்துக் கொடுத்துவிட்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வருவார். இந்தப் பத்து நாளும் முட்டையும் சாம்பாருமாக ஓடிவிட்டது, நான் கவனிக்கவில்லை.

ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். சில்லறைக்கு விற்கும் ராஜம்மாள் அக்கா நிமிர்ந்து பார்த்து, "என்ன பிரியா, ஏலம் காலையிலயே முடிஞ்சிடுச்சே, யாவாரத்துக்கா?" என்றாள்.

"வீட்டுக்கு" என்றேன்.

அவள் தராசில் அரைக் கிலோ காரப்பொடி அள்ளி வைத்தாள். முள் சரியாக நின்றது. முப்பத்தெட்டு வயசில் முதல்முதலாகக் குழம்புக்கு மீன் வாங்குகிறேன். தினம் என்னிடம் வாங்குகிறவர்கள் கேட்கிற மாதிரியே, "அக்கா, மேல ரெண்டு போடுங்க" என்று கேட்டேன்.