வாய்க்குள் முட்டை

இஞ்சேருங்கோ,

நீங்கள் நேற்றுக் கொண்டுவந்த ஒஸ்கார் மீன், புதுத் தொட்டியில் இருந்த மஞ்சள் மீன்களை விடிந்ததில் இருந்து துரத்துகிறது. "எல்லாம் சிக்லிட் இன மீன்தானே, ஒத்துப்போகும்" எண்டு என்னோட சண்டை பிடிச்சனீங்கள். பெரிய மஞ்சள் மீன் தாடை வீங்கி, தீனி எடுக்காமல் மூலையில் கிடந்தது. பயந்துபோய்க் கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "நோய் வருத்தமில்லை அக்கா, வாய்க்குள்ள முட்டை வைச்சிருக்கு. பயந்தா விழுங்கிப்போடும்" என்றார்.

ஒஸ்காரைப் பிடித்து வாளிக்குள் விட்டு மூடியிருக்கிறேன். கடையில் திருப்பிக் கொடுங்கோ. எனக்குத் துறைமுகத்தில் வேலை, நிற்க ஏலாது. புட்டு குசினியில் இருக்கிறது.

ஜெயரூபி

மகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் தொட்டிக் கண்ணாடியைத் தட்ட விடாதேங்கோ.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் முட்டைக்கு ஏதும் நடந்தால் போனில் சொல்லாதேங்கோ. வீட்டுக்கு வந்து, உங்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.