அப்பா தாண்டாத பக்கம்

மொன்றியல்,
08.06.2003

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

நீயும் மருமகனும் சின்னவளும் லண்டனில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டு வருகிறேன். என்னைக் கேட்டால் முழங்கால் ஒன்றுதான் குறை, மற்றும்படி சாப்பாடு செல்கிறது, நித்திரைதான் கிட்ட வருவதில்லை. கீழ்வீட்டு யோசெப்பின் அக்காவின் பேத்தி கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து என்னோடும் பிரெஞ்சில்தான் கதைக்கிறது, நானும் எல்லாம் விளங்கியவள் மாதிரித் தலையாட்டுகிறேன். போன ஞாயிறு நீ ரெலிபோனில், பாதை திறந்துவிட்டது, ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போய் எங்கள் வீட்டைப் பார்க்கப்போகிறேன் என்றாய். நான் மிதிவெடி அது இது என்று சத்தம் போட்டு ரெலிபோனை வைத்துவிட்டேன். பிள்ளை, நான் பயந்தது மிதிவெடிக்கு இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் எழுதுகிறேன். ஆனால் முதலில் அப்பாவின் பைபிளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அலுமாரியை ஒதுக்கியபோது, அவருடைய குளிர் உடுப்புகளுக்கு அடியில் துவாயில் சுற்றி ஒரு தமிழ் பைபிள் இருந்தது. நாற்பது வருசம் கந்தசஷ்டி விரதம் பிடித்த மனிதர் எனக்கு ஒளித்து வேதக்காரர் ஆகிவிட்டாரோ என்று கோபத்தில் அதைக் கொண்டுபோய் யோசெப்பின் அக்காவின் மேசையில் போட்டேன். அவ மன்னார்க்காரி, பிறப்பிலேயே வேதம். ஐயோ இல்லை, ஞானஸ்நானம் ஒன்றும் எடுக்கவில்லை என்றா. சனிக்கிழமைகளில் லைப்ரரிக்கு என்று வெளிக்கிட்டவர், சேர்ச்சின் நிலவறையில் நடக்கும் தமிழ் பைபிள் வகுப்புக்குத்தான் ஒன்றரை வருசமாகப் போயிருக்கிறார். கடைசிக் கதிரையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருப்பாராம். வீட்டில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

அந்தப் புத்தகத்துக்குள் அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியவேண்டும் போலிருந்தது. பைபிள் வாசிக்க எனக்கு எங்கே தெரியும், எங்கள் கோயிலில் புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவள். அந்த முறைப்படியே குளித்து, விபூதி பூசி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, முதல் பக்கத்திலிருந்து உரத்து வாசித்தேன். தொடங்கினால் இடையில் விடக்கூடாதல்லவா. கொஞ்சம் போகப் பெயர்கள் வரத் தொடங்கின. இன்னார் இன்னாரைப் பெற்றார், இத்தனை நூறு வருசம் வாழ்ந்தார், செத்தார். ஒரு பெயரை விட்டாலும் குற்றம் என்று எல்லாவற்றையும் வாசித்தேன். நாலாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. கீழே சத்தம் கேட்டு மேலே வந்த யோசெப்பின் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஒழுங்காகச் சொல்லித் தந்தா. முதலில் மாற்கு எழுதினதில் தொடங்கவேண்டுமாம், அதுதான் சின்னது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும், விளங்காததைப் பிறகு பார்க்கலாம், குளித்தாலும் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அதிலே வருகிற ஆட்களில் நீ எந்த ஆள் என்று பார்க்கவேண்டும் என்றா.

மாற்குவைத் தேடிப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். நான் வாசித்த பக்கங்களை விட்டால் புத்தகம் முழுக்கப் புதிது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன. முன்னுக்கு ஒரே ஒரு தாள் மட்டும், நாலாம் அதிகாரம், மூலை கறுத்துப் பழந்துணி போலத் துவண்டிருந்தது. முதல் நாள் நான் கடகடவென்று வாசித்துப் போன இடம். அண்ணன் தம்பியை வயலுக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறான். உன் தம்பி எங்கே என்று கடவுள் கேட்கிறார், அவன் தெரியாது என்று நழுவுகிறான். அப்பாவும் என்னைப்போல முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறார், அதைத் தாண்டவில்லை. யோசெப்பின் அக்கா சொன்னா, வகுப்பில் அவர் ஒரே ஒருநாள், இந்த ஜனவரியில், வாய் திறந்தாராம். "அண்ணன்காரன் உள்ளதைச் சொல்லியிருந்தா கடவுள் என்ன செய்திருப்பார்?" என்று கேட்டாராம். வகுப்பு எடுக்கும் மைக்கல் அண்ணை, ஃபாதரிடம் கேட்டு அடுத்த கிழமை சொல்கிறேன் என்றாராம். அடுத்த கிழமை பனிப்புயல். அதற்கு அடுத்த கிழமை அப்பா இல்லை.

அப்பாவின் தம்பி, உன் தவநேசன் சித்தப்பா, தானாகத்தான் வரமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டார் என்று அப்போது அங்கே இல்லாத உனக்கும் ஊருக்கும் சொன்னோமே, அது பொய். தொண்ணூற்றைந்தில் ஆமி கிட்ட வந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாரையும் உடனே வெளிக்கிடச் சொல்லி அறிவித்த பின்னேரம், மழை. எங்களிடம் ஒரு சைக்கிள். சித்தப்பாவுக்குப் பொல்லு ஊன்றினாலும் பத்து அடிக்கு மேல் நடக்க ஏலாது, உனக்குத் தெரியும். உடுப்பு மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, விறாந்தைக் கதிரையில் ஆயத்தமாக இருந்தார். அவரை ஏற்றத்தான் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் தையல் மிஷினைக் கொண்டுவந்து கரியரில் கட்டினேன். போகிற இடத்தில் இதுதான் சோறு போடும், இதைப் பாலத்துக்கு அங்கால் கைதடி ஊரில் இறக்கிவிட்டு விடிய வந்து தம்பியை ஏற்றலாம் என்றது நான், அப்பா இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். சித்தப்பாதான் சொன்னார், "ஓம் அண்ணி, நீங்கள் கவனமாப் போங்கோ, நான் இருக்கிறன்." பக்கத்து வீட்டு அரியரத்தினம் அண்ணை வேலிக்கு மேலால் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். விடிய அப்பா திரும்பிப் போகப் பார்த்தார், எதிரே வந்த சனம் விடவில்லை, பிறகு பாதையே இல்லை. அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பிய அரியரத்தினம் அண்ணை, வீடு இருக்கிறது, விறாந்தையில் கதிரை இருக்கிறது, ஆள் இல்லை என்று இரண்டு வரி எழுதினார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயம். அப்பா என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இங்கே ஹீட்டர் குழாய் டொக் டொக் என்று தட்டும்போதெல்லாம் சாப்பாட்டில் கை வைத்தபடியே நின்றுவிடுவார். அது சித்தப்பாவின் பொல்லுச் சத்தம் மாதிரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஹீட்டரை நிறுத்தி ஆறு கிழமை ஆகிறது மகள். நேற்று மத்தியானம் கறி தாளிக்கும்போதும் கேட்டது.

யோசெப்பின் அக்கா சொன்னபடி மாற்குவில் தொடங்கினேன். இரண்டாவது அதிகாரத்தில் நடக்க ஏலாத ஒருவனைச் சுகமாக்க என்று நாலு பேர் ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சனக்கூட்டம் வழிவிடவில்லை. அவர்கள் திரும்பிப் போகாமல் கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்குகிறார்கள். அங்கே புத்தகத்தை மூடிவைத்து நான் எந்த ஆள் என்று பார்த்தேன். அந்த நாலு பேரில் நான் இல்லை. பத்து நாளாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஆகையால் நீ போ. நான் தடுக்கமாட்டேன். அரியரத்தினம் அண்ணையிடம் நான் கேட்கச் சொன்னேன் என்று சித்தப்பாவைப் பற்றிக் கேள். அவர் சொல்லத் தொடங்கினால், அம்மா அப்படிப்பட்டவ இல்லை என்று எனக்காக வழக்காடாதே. அவர் என்ன சொன்னாலும் ஒன்றையும் குறைக்காமல் எனக்குச் சொல்லு. அதற்குப் பிறகு என்னை அம்மா என்று கூப்பிட மனம் வராவிட்டால் நான் குறை நினைக்கமாட்டேன்.

நீ நூறு வயது வாழவேண்டும், உன் வீட்டில் ஒருவரும் ஒருவரை விட்டுப் போகாத வாழ்வு அமையவேண்டும். சின்னவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, தொப்பி போடாமல் வெளியே விடாதே, கிணற்றடிக்குத் தனியே விடவே விடாதே. இன்னும் ஒன்று. மிஷினுக்கு என்ன நடந்தது என்று அரியரத்தினம் அண்ணை கேட்டால் உள்ளதைச் சொல்லு. நாவற்குழிப் பாலம் வருமுன்னமே சனம் நெரித்துச் சைக்கிள் சரிந்து, அதை அவிழ்த்து வெள்ளத்துக்குள் விட்டுவிட்டோம். பாலத்தைத் தாண்டும்போது கரியரில் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
பே. குணேஸ்வரி