வெள்ளைப் பெட்டியில் இரண்டு லைன்

அன்பு மகள் குட்டிமாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன், நேற்று முதல் இன்டர்நெட் லைனும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய். லைன் எப்படி வந்தது என்று நேற்று போனில் கேட்டாய், பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. போனில் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் வரிசை தப்பிவிடுவேன். அம்மா வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. தபாலில் போட்டால் இது வந்து சேருவதற்குள் நீ அந்தப் பயிற்சி இல்லத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதி முடித்ததும் மாடிப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன்.

நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்புவதற்கு இந்த மாதங்கள்தான் முக்கியம், ஒரு பாடம்கூட விட்டுப்போகக் கூடாது, அப்பாவால் ஒரு லைனை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் அம்மாவை அந்த இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது, அங்கே பேச்சு சொல்லித்தரும் டீச்சர் திரையில் வராமல் நேரிலேயே இருப்பார் என்றாய். நீ கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னாய், அது எனக்குத் தெரியும். சொன்னதில் தப்பும் இல்லை. திரையில் டீச்சர் முகம் வராத நாட்களில் அம்மா அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே அதுதான் தோன்றியது. ஆனாலும் நீ முடிவெடுக்கும் முன் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும், எனக்கு எதிராகப் போனாலும் பரவாயில்லை.

மாடியில் குடியிருக்கும் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியும், விமானத்தில் பெட்டி தொலைந்தவர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிறாள். இத்தனை நாள் நம் லைனையே பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆபீஸில் அது கூடாது, நாங்கள் சொல்லும் கம்பெனியின் லைன்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சுவரில் இன்னொரு துளை போட்டு இன்னொரு ஃபைபர் இழுக்க வேண்டுமே என்று நான் கலங்கிக்கொண்டிருந்தேன், வந்த ஃபைபர்காரர் சிரித்தார். தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழையும் கூடத்துச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியும் லைன் விற்கிற எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது, பெட்டியின் அடியில் கேபிள் செருக நான்கு போர்ட் இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்றார். நான் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்திலேயே தலை நரைத்தவன், ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்கு விட்டால் கீழ் வீட்டில் வேகம் குறையாதா என்று கேட்டேன். ஐயா இது தண்ணி இல்ல, ஒரே ரோட்டுல ரெண்டு பஸ் போற மாதிரி, ரோடு அகலமா கெடக்கு, அந்த பஸ்ல ஏறினவங்க உங்க பஸ்ல வந்து உட்கார மாட்டாங்க என்றார். அப்படியும் மனசு கேட்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் நான் குழம்பிவிடுவேன், எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள் என்று கெஞ்சினேன். அவரும் பாவம், நமக்கு முதல் போர்ட், மாடிக்குக் கடைசி போர்ட் என்று ஆபீஸுக்குச் சொல்லிப் பதிந்துகொடுத்தார். இந்தக் கெஞ்சலை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அவர் போனதும் என் வழக்கப்படி சீட்டு ஒட்டினேன். போர்ட்டின் எண் பெட்டியோடு பெட்டியாக வெள்ளையில் பொடியாக அச்சாகியிருக்கிறது, என் கண்ணுக்கு எட்டாது, அதனால் அதன் மேலேயே நமக்குப் பச்சைச் சீட்டு, மாடிக்குச் சிவப்புச் சீட்டு. அதில் செருகும் கேபிளின் கழுத்தில் அதே நிறத்தில் இன்னொன்று. பச்சையைப் பச்சையில் செருக வேண்டியது, சிவப்பைச் சிவப்பில். அம்மா பேசிக்கொண்டிருந்த நாளில் நான் இப்படி எதையாவது ஒட்டினால் என்ன சொல்வாள், என் நெத்தியிலயும் மனைவின்னு ஒட்டிடுங்க, மறந்துபோய் வேற யாரையாவது கூப்பிட்டுடப் போறீங்க என்பாள். இந்த முறை எதிரே நாற்காலியில் இருந்து பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான்.

சில வாரம் இரண்டு லைனும் ஒழுங்காக ஓடின. சனிக்கிழமை நான் கூடத்தைத் துடைக்கிற நாள். மாடிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இரண்டு கேபிளையும் உருவி, பெட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்து, மேஜையில் மடித்த துண்டின் மேல் கவிழ்த்து வைத்து முதுகைத் துடைத்தேன். அந்தக் கண்ணாடி இழை வளைந்து ஒடிந்துவிடுமோ என்று என் உயிரெல்லாம் அதன் மேலேயே இருந்தது. ஈரத்துணி பட்டு இரண்டு சீட்டும் ஊறி வந்துவிட்டன. புதுசாக வெட்டி, நம்முடையது இடது ஓரம் என்பது மனப்பாடம் ஆகையால் பச்சையை இடது ஓரத்திலும் சிவப்பை வலது ஓரத்திலும் ஒட்டி, பெட்டியை மாட்டி, நிறம் பார்த்துக் கேபிளைச் செருகினேன். கீழே நம் ரூட்டரில் சிவப்பு விளக்கு. மாடியிலிருந்து அவள் இறங்கி வந்து தன்னுடையதிலும் சிவப்பு என்றாள். நம் கம்பெனியைக் கூப்பிட்டேன். முதல் போர்ட்டில்தானே சார் செருகியிருக்கீங்க என்று கேட்டார்கள். பச்சைச் சீட்டைப் பார்த்தபடியே சந்தேகமே வேண்டாம் என்றேன். சந்தேகமே வேண்டாம் என்று நான் வாழ்க்கையில் அதிகம் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். பெட்டி வரைக்கும் நன்றாக வருகிறது, புதிதாக வந்த கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். புதிய கம்பெனியைக் கேட்டால் பழைய கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போனால் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்களே, அந்த மாதிரி. ஃபைபர்காரர் வர நாளாகும், இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே விஷயம் அது.

நீ மாடிப் பெண்ணைக் கூப்பிட்டு, உன் லைன் வந்த பிறகுதான் எங்கம்மா பாடம் நின்னுபோச்சு, அதை எடுத்துடு என்று சொன்னது எனக்கு அவள் வந்து சொல்லித்தான் தெரியும். எடுத்துடறேன் அங்கிள், வேற வீடும் பார்த்துக்கறேன், ஆன்ட்டிக்குப் பாடம்தான் முக்கியம் என்றாள். அதுவரை லைன் இல்லாமல் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வந்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிறவள், நம்மிடமும் வாங்கிக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் அப்போதே பயந்தேனே, சரியாகப் போயிற்று என்று உள்ளே ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாட்களில் அம்மா ஓயாமல் இடது கையைத் தூக்கினாள். மின்விசிறியா என்றேன், போட்டேன். குளிருகிறதா என்றேன், சால்வை போர்த்தினேன். ஜன்னலா, தண்ணீரா, டிவியா என்று நானே கேட்டு நானே செய்தேன், அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், அவங்க சொல்லைத் தேடறப்போ நீங்க எடுத்துக் கையில கொடுத்துடாதீங்க சார், காத்திருங்க என்று. என்னால் முடிவதில்லை கண்ணு. அவள் வாய் திறந்து சொல் வராமல் நிற்பதைப் பார்த்தால் ஏதாவது ஒன்றை எடுத்துப் போட்டுவிடுகிறேன்.

நேற்று காலை டீ போட்டுக் கொண்டுவந்தேன். தட்டில் இடது பக்கம் கைப்பிடி வைத்த அவள் கப், வலது பக்கம் என் டம்ளர், எப்போதும் அப்படித்தான் வைப்பேன். அவள் இரண்டையும் இடம் மாற்றினாள். கை தவறிவிட்டது என்று நான் பழையபடி வைத்தேன். மறுபடி மாற்றினாள், மறுபடி ஒழுங்காக வைத்தேன். அதன் பிறகும் நான் கையை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை, அதனால்தான் சும்மா இருந்தேன், பொறுமையினால் என்று நினைத்துவிடாதே. அவள் சுவரில் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு கூடுவதும் பிரிவதுமாக இருந்தது, பிறகு மாத்து என்றாள். தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாகக்கூட.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பச்சைச் சீட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் நான்கு என்று இருந்தது. கவிழ்த்து வைத்தபடியே ஒட்டினால் இடது வலதாகிவிடும் என்று வாண்டுப் பயலுக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த போர்ட்டில் வைத்திருந்தால் காலியாக இருப்பவை பக்கம் மாறிப்போனது கண்ணில் பட்டிருக்கும். நான் கெஞ்சிக் கேட்டு ஓரத்துக்கு ஓரம் வைத்ததால் மாறிய பிறகும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சீட்டு ஒட்டியவனும் நான், அதை நம்பிக் கம்பெனிக்காரரிடம் சத்தியம் செய்யாத குறையாகப் பேசியவனும் நான். அம்மா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், முதல் நாளிலிருந்தே அந்த இடது கையால் சொல்ல முயன்றிருக்கிறாள். கேபிளை மாற்றிச் செருகினேன், கீழே பச்சை விளக்கு வந்தது, மாடிக்கும் வந்தது. இரண்டாவது லைன் முதல் லைனை ஒன்றும் செய்யவில்லை, பஸ் கதை சரிதான்.

பாடத்தில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். நீங்க எடுத்துக் கொடுத்தீங்களா சார் என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார், நியாயம்தான். இல்லை என்றதும், இதுவரைக்கும் படத்தைக் காட்டினா பூ, நாற்காலின்னு பேர் சொன்னாங்க, இது யாரும் கேட்காம, காரியம் ஆகணும்னு அவங்களா சொன்னது, இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன் என்றார். பிறகு மாடிக்குப் போனேன். ஏறும்போது இரண்டு முறை நின்றேன், மூச்சு வாங்கியதால் மட்டும் அல்ல. நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அங்கிள், சீட்டு மாறி ஒட்டி உங்க பெட்டி வேற ஊருக்குப் போயிடுச்சுன்னு நாள் பூரா ஊருக்கெல்லாம் சொல்றவ நான், என் காலடியிலேயே அது நடந்திருக்கு, எனக்குத் தோணலையே என்றாள். வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும், தப்பு அப்பாவுடையது என்றே சொல்லிவிடு.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நடக்கும்போதெல்லாம் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன், இனி பெட்டியைத் துடைப்பதில்லை, தூசி இருந்துவிட்டுப் போகட்டும். மறுபடி நான் இன்னொரு தப்புச் செய்ய மாட்டேன் என்று உனக்கு உறுதி கொடுக்கவும் என்னால் முடியாது. அதனால்தான் நேற்று மாலை பயிற்சி இல்லத்தைப் பற்றி அம்மாவிடமே நேராகக் கேட்டேன். டீச்சர் நேரில் இருப்பார், தோட்டம் இருக்கிறது, லைன் போய்விடும் என்ற தொல்லை இல்லை, குட்டிமா உன் நல்லதுக்குத்தான் சொல்கிறாள் என்று நல்லதை மட்டும் சொன்னேன், என் பயத்தை அதில் சேர்க்கவில்லை. உன்னை அங்கே மாற்றலாமா என்று கேட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் ஒரு லாரி பின்னால் எடுத்து, திரும்பி, போய்விட்டது. மாத்தாதே என்றாள். காலையில் சொன்ன சொல்லைத்தான் நானும் கேள்வியில் வைத்திருந்தேன், அப்படியானால் அதை நானே கையில் கொடுத்துவிட்டேனோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சொல் நான் கொடுத்ததாகவே இருக்கட்டும், மறுப்பு அவளுடையது. இதை உன்னிடம் அப்படியே ஒப்படைக்கிறேன், மேலே நான் ஒன்றும் எழுதவில்லை.

உன் முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. வாண்டுப் பயலுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றார்களே, தள்ளிப்போடாதே, பார்வை விஷயத்தில் அவன் தாத்தாவைக் கொண்டுவிடக் கூடாது. மாப்பிள்ளையை மழையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அடுத்த முறை அம்மாவோடு பேசும்போது அவள் தேடினால் நீயும் ஒன்றும் சொல்லாமல் இரு, திரை நின்றுவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, லைன் இருக்கும், அவள் சொல்லுவாள்.

உன் பதில் வரும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா